விஸ்கான்சினில் பிள்ளையோடு மான் வேட்டை: முதல் சீசனுக்கு முன்

கேள்வி: அண்ணா, மேடிசனுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. ஹெச்1பி விசா. மகனுக்கு 12 வயது. நவம்பர் வந்தால் வகுப்பில் பாதிப் பேர் அப்பாவோடு காட்டுக்குப் போகிறார்களாம், இவனும் நச்சரிக்கிறான். எனக்குத் துப்பாக்கி என்றாலே பயம். நம்மைப் போன்றவர்கள் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம் தம்பி. நானும் என் மகளும் போகிறோம். ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது "போலீஸ் பிடிக்காதா?" என்றுதான் முதலில் கேட்டார். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கும் நாட்டில் வேறென்ன கேட்பார்! இங்கே வெள்ளைவால் மான் பெருகிக் கிடக்கிறது. உரிமம் கொடுத்து வேட்டையை நடத்துவதே மாநில இயற்கை வளத் துறைதான். டிஎன்ஆர் என்பார்கள்.

முதலில் விசா. ஹெச்1பி (வேலை), ஹெச்4 (ஹெச்1பிக்காரரின் குடும்பத்தார்), எஃப்1 (படிப்பு) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். கவனிக்க வேண்டியது "காலாவதியாகாத" என்பதைத்தான். விஸ்கான்சின் உரிமம் மார்ச் 31-உடன் முடிகிறது. அதற்குப் பிறகும் துப்பாக்கி உங்கள் அலமாரியில் இருந்தால் அது சாதாரண அபராதத்தோடு போகிற விஷயம் இல்லை, நாடு கடத்தல் வரை போகலாம். அதனால் முதல் வருஷம் துப்பாக்கி வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை கிடையாது. ஹெச்4-இல் இருக்கும் பிள்ளைக்கும் இதே விதிதான், குழந்தை என்று தனிச் சலுகை இல்லை. வாங்கியே தீருவேன் என்றால் கடைக்குப் போகும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வகுப்பு. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம். சான்றிதழ் இல்லாமலும் 'மென்டர்' முறையில் போக வழி இருக்கிறது. ஆனால் கூட வரும் பெரியவர் சான்றிதழும் உரிமமும் உள்ளவராக இருக்க வேண்டும், பிள்ளை கைக்கெட்டும் தூரத்தைவிட்டு விலகக் கூடாது. அதாவது நீங்கள் படிக்காமல் மகனுக்கு வழிகாட்டியாகப் போக முடியாது. பெரியவர்கள் ஆன்லைனிலேயே முடித்துக்கொள்ளலாம்தான், இருந்தாலும் மகனோடு நேரடி வகுப்பில் போய் உட்காருங்கள். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை, குழலை ஆள் இல்லாத பக்கம் வை, குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் பார், சுடும் வரை விசையில் விரல் வைக்காதே. இந்த நாலையும் அப்பாவும் பிள்ளையும் ஒரே ஆசிரியரிடம் ஒன்றாகக் கேட்டிருந்தால் காட்டில் ஒருவரை ஒருவர் திருத்துவது எளிது. என் மகள் என்னை அதட்டியிருக்கிறாள்!

முக்கியமான துப்பாக்கி சீசன் ஒன்பது நாள். நவம்பர் கடைசியில் வரும் தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அதில் கூட்டம் அதிகம், குளிரும் அதிகம். 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்று அக்டோபர் தொடக்கத்தில் இரண்டு நாள் ஒதுக்குகிறார்கள். முதல் தடவைக்கு அதுதான் தோது. எந்தத் துப்பாக்கி மான் சீசனானாலும் இடுப்புக்கு மேலே உள்ள உடையில் பாதியாவது பளிச்சென்ற ஆரஞ்சாக இருக்க வேண்டும். 2016 முதல் பளிச் பிங்க்கும் செல்லும்.

இனி நிலம். பொது நிலத்துக்குப் பஞ்சமில்லை. மேடிசனிலிருந்து கெட்டில் மொரைன் தெற்குக் காடு பக்கம்தான். வடக்கே போனால் செக்வாமெகான்-நிக்கோலே தேசியக் காடு மட்டுமே சுமார் 15 லட்சம் ஏக்கர். சிக்கல், பொது நிலமும் தனியார் நிலமும் வேலி இல்லாமல் ஒட்டிக் கிடப்பதில்தான். 2004 நவம்பரில் சாயர் கவுண்டியில், தனியார் நிலத்து மரத்தில் இருந்த பரணில் வெளியாள் ஒருவர் ஏறியதில் தொடங்கிய தகராறில் ஆறு பேர் உயிர் போனது. சுட்டவர் லாவோஸ் பக்கத்திலிருந்து வந்த ஹ்மாங் இனக் குடியேறி. அதற்காக அந்தச் சமூகமே வருஷக்கணக்கில் வெறுப்பைச் சுமந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. எல்லை காட்டும் செயலியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காட்டில் சிக்னல் இருக்காது. பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். எவர் கட்டிய பரணிலும் ஏறாதீர்கள். யாராவது "இது என் இடம்" என்றால், உங்கள் பக்கம்தான் நியாயம் என்று தெரிந்தாலும், குழலைத் தரைப் பக்கம் வைத்தபடி நகர்ந்துவிடுங்கள். டிஎன்ஆர் வார்டனிடம் (வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். காய்ந்த ஓக் சருகில் ஒரு அணில் ஓடினால் மான் கூட்டமே வருவது போலக் கேட்கும். மகன் ஒவ்வொரு தடவையும் துள்ளுவான், துள்ளட்டும். கால் விரல் மரத்துவிட்டது என்றால் வீரம் பேசாமல் காருக்குக் கூட்டிப் போங்கள். ஏறும் முன் தோட்டாவை எடுத்துவிட வேண்டும், அதுவும் சட்டம்.

கேள்வி: நன்றி அண்ணா. ஒருவேளை மான் விழுந்துவிட்டால்? கறியை என்ன செய்வது?

பதில்: விழுந்த இடத்திலேயே குடலை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கறி கெடும். முதல் மானுக்கு அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. கத்தி ஆழமாகப் போய் இரைப்பை கிழிந்தால் வரும் நாற்றம் சாமானியத்தில் போகாது. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் மானைப் பதிவு செய்ய வேண்டும்.

அப்புறம் சிடபிள்யூடி (Chronic Wasting Disease) என்ற நோய். மானின் மூளையைத் தின்னும் வகை. 2002-இல் இந்த மாநிலத்தில் முதலில் தெரிய வந்தது மேடிசனுக்கு மேற்கே, நம் பக்கத்தில்தான். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். கழுத்தில் சில அங்குலம் சேர்த்துத் தலையை டிஎன்ஆர் பெட்டியில் போட்டால் இலவசமாகப் பரிசோதித்துச் சொல்வார்கள். முடிவு வரும் வரை கறி ஃப்ரீசரில் இருக்கட்டும். ஈயத் தோட்டா என்றால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கறியில் கிடக்கும். வீட்டில் குழந்தைகள் இருப்பதால் நான் செம்புத் தோட்டாவுக்கு மாறிவிட்டேன்.

சமையலில் ஒன்றுதான்: மான் கொழுப்பை மொத்தமாக நீக்கிவிடுங்கள், ஆறியதும் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். தொடைக்கறியை ஆட்டுக்கறி மாதிரி மிளகு போட்டு வறுக்கலாம், நல்லெண்ணெய் மட்டும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். முன்னங்காலுக்குக் குக்கர்தான் சரி. கறியை விற்கக் கூடாது, அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம். கொடுப்பதென்றாலும் பரிசோதனை முடிவு வந்த பிறகு கொடுங்கள்.