புற்றுநோய் எலும்புக்குப் பரவியதை ரத்தப் பரிசோதனை முதலில் காட்டியதா? உங்கள் அனுபவம்

மூத்தமகள்:
அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். அதற்கான ரத்தக் குறியீடான பி.எஸ்.ஏ. மறுபடி ஏறியதால் பரிசோதித்தோம். கல்லீரலிலும் எலும்பிலும் உருவாகும் நொதியான அல்கலைன் பாஸ்பட்டேஸ் 412, மிக அதிகம். கல்லீரல் நொதியான ஜி.ஜி.டி. சாதாரணம். மருத்துவர் இரண்டு வரிகளையும் பென்சிலால் வட்டமிட்டார். "கல்லீரலில் கோளாறு என்றால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து ஏறும். இது எலும்பிலிருந்து வருவது போலிருக்கிறது. முதுகு வலிக்கிறதா ஐயா?" "இந்த வயதில் வலிக்காதா?" என்றார் அப்பா. மூன்று வாரமாக அவர் நாற்காலியிலேயே உறங்கியதை அப்போதுதான் சேர்த்துப் பார்த்தேன். நான்கு மாதம் முன்பு அதே எண் 198. கல்லீரல் கொழுப்பு என்று நானே முடிவு செய்து கோப்பில் செருகி வைத்தேன். மனம் ஆறவில்லை.

ஆய்வகத்தில்30ஆண்டு:
உங்களை நொந்துகொள்ளாதீர்கள். முறிந்த எலும்பு ஒன்று சேரும்போதும், வைட்டமின் டி குறைந்தாலும் பாஸ்பட்டேஸ் ஏறும். என் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தபோது ஏறியதைப் பார்த்து நானே நடுங்கினேன். வளரும் பிள்ளைகளுக்கு இயல்பாகவே அதிகம்.

இரண்டாவதுமகன்:
மேலே சொன்னது சரி, ஆனால் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அந்தப் புற்றுநோய்க்கான ரத்தக் குறியீடு சி.ஏ. 15-3, பாஸ்பட்டேஸ் இரண்டுமே வரம்புக்குள். எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அம்மா மட்டும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். ஒரு காலை என்னைத் தன் தம்பி பெயர் சொல்லி அழைத்தார். பார்த்தால் ரத்தத்தில் கால்சியம் 13.8, மிக அதிகம்; தாகமும் குழப்பமும் அதனால்தான். ஸ்கேனில் இடுப்பெலும்பு, விலா எல்லாம் தெரிந்தது. எண் சரியாக இருப்பதால் பரவவில்லை என்று யாரும் நம்பாதீர்கள்.

அத்தைக்குத்துணை:
அத்தைக்கும் இதே நோய்தான், அதிகம் சொல்ல மனமில்லை. கேட்காமலே சில சொல்கிறேன். எப்போதும் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள், வரம்பும் முறையும் இடத்துக்கு இடம் மாறும். எலும்பு கரையும் வேகத்தைக் காட்டும் சி.டி.எக்ஸ். பரிசோதனையை எழுதிக் கொடுத்தால் காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள். அது பொழுதுக்குப் பொழுது ஏறி இறங்கும், சாப்பிட்டால் குறையும். கால்சியத்தோடு ரத்தப் புரதமான ஆல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள். ஆல்புமின் குறைந்திருந்தால் கால்சியம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களில் பாஸ்பட்டேஸ் ஏறினால் உடனே பதறாதீர்கள். எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும்போதும் ஏறும். பழைய அறிக்கைகளை வரிசையாக எடுத்துச் செல்லுங்கள்.

மூத்தமகள்:
ஹார்மோன் ஊசி போட்ட முதல் மாதம் அப்பாவுக்குப் பாஸ்பட்டேஸ் 460 ஆனது. எலும்பு சரியாகும்போதும் ஏறும் என்று யாரும் அன்று எங்களிடம் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் அந்த அறிக்கையை ஒரு வாரம் என் பையிலேயே வைத்திருந்தேன். இப்போது 240.