வாங்காத லோன் சிபிலில் நின்றால் முதலில் எங்கே போவது?

வேளச்சேரி_வாசகர்: பான், ஆதார் ஜெராக்ஸை வைத்து வேறு யாரோ ஆப்பில் லோன் எடுத்துவிட்டால் முதலில் போலீஸா, கடன் கொடுத்த கம்பெனியா, நம் கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் சிபிலா? வசூலுக்குக் கூப்பிடுகிறவர்களிடம் என்ன சொல்வது?

மயிலை_கணக்கர்: மூன்றும், முடிந்தால் ஒரே நாளில். தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிந்து ஒப்புகை எண்ணை வாங்குங்கள். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தும் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். அந்த எண்ணோடு கம்பெனிக்கு மெயில்: கேஒய்சி ஆவணம் (அடையாளம் காட்டக் கொடுத்தது), கடன் பணம் போன கணக்கு எண், ஓடிபி போன மொபைல் எண் மூன்றையும் கேளுங்கள். அந்தக் கணக்கும் மொபைல் எண்ணும் உங்களுடையவை இல்லை என்பதே வலுவான ஆதாரம். தொல்லை தாங்காமல் ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள் சார், கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக்கூடும். வசூல்காரரிடம் புகார் எண்ணை மட்டும் சொல்லி, எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

தாம்பரம்_வக்கீல்: அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினால் சட்டப்பிரிவு 66சி, தகவல் தொழில்நுட்பச் சட்டம்: 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். பலர் சிபிலோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. சிபில் போன்ற மற்ற நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் அறிக்கைகளையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். ஆட்சேபம் பதிந்து 30 நாளில் தீரவில்லையென்றால், அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதிலும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம்.

மயிலை_கணக்கர்: விட்டுப்போனது ஒன்று. அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். ஆதார் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) பூட்டுங்கள். ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை அழிக்கச் சொல்லுங்கள், தயங்காதீர்கள்.