ஸ்டார்ட்டர் ஊற்றியதும் ஓஜி குறைகிறது: எதைக் கணக்கில் எடுப்பது?

வளவுக்காரன்:
முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காகக் கானாடுகாத்தான் வந்திருக்கிறேன். வேலையும் பீர் வாளியும் சிங்கப்பூரில். கிளம்பும் முன் போட்டுவைத்த ஏல் (ஒரு வகை பீர்) நொதித்து, அடர்த்தி 1.012-இல் (தண்ணீர் 1.000) நின்றுவிட்டதாக அறை நண்பர் படம் அனுப்பியிருக்கிறார். ஆல்கஹால் எவ்வளவு என்று பார்க்க உட்கார்ந்தால் நோட்டில் இரண்டு ஓஜி (நொதிக்கும் முன் உள்ள அடர்த்தி) இருக்கிறது. 9 லிட்டர் வோர்ட் (நொதிக்காத மால்ட் சாறு), ஈஸ்ட் சேர்க்கும் முன் 1.060. ஒரு லிட்டர் ஸ்டார்ட்டரை (மால்ட் கரைசலில் முன்கூட்டியே வளர்த்த ஈஸ்ட்) அப்படியே ஊற்றிக் கலக்கி உடனே பார்த்தால் 1.055. அதற்குள் ஈஸ்ட் அவ்வளவு சர்க்கரையைத் தின்றிருக்குமா? ஸ்டார்ட்டர் லிட்டருக்கு 100 கிராம் உலர் மால்ட், அதாவது 1.037. நன்றாக நொதித்து அடங்கியிருந்தது.

பாகுபதம்:
ஈஸ்ட் மேல் பழி போடாதீர்கள் அண்ணே, அது வேலையைத் தொடங்கவே பல மணி நேரம் ஆகும். கெட்டிப் பாகில் இளம்பாகு கலந்த கதைதான் இது. உங்கள் ஸ்டார்ட்டர் நொதித்து 1.010 அளவுக்கு இறங்கியிருக்கும். 1.060-ஐ 60 புள்ளி என்று வைத்தால் 9 × 60 = 540, அதோடு ஸ்டார்ட்டரின் 10, ஆக 550. 10 லிட்டருக்கு வகுத்தால் 55. உங்கள் அளவு அப்படியே வருகிறது.

ஆனால் ஓஜி என்று 1.055-ஐ எழுதினால் ஸ்டார்ட்டர் ஏற்கெனவே உண்டாக்கிய ஆல்கஹால் கணக்கில் விட்டுப்போகும். அதுவும் வாளிக்குள்தானே இருக்கிறது? அதனால் ஸ்டார்ட்டரை நொதிக்கும் முன் இருந்த 37-ஆகவே சேருங்கள்: 540 + 37 = 577. ஓஜி ஏறக்குறைய 1.058. அதிலிருந்து 1.012-ஐக் கழித்து வழக்கமான சூத்திரப்படி 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் 6.0 சதவீதம். 1.060 என்று போட்டால் 6.3, 1.055 என்று போட்டால் 5.6.

மேல்தளம்:
எந்தச் சூட்டில் அளந்தீர்கள்? அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்குச் செய்தது. 30 டிகிரியில் இரண்டரைப் புள்ளி குறைத்துக் காட்டும்.

அப்புறம், ஸ்டார்ட்டரை ஏன் முழுசாக ஊற்றுகிறீர்கள்? ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் அடியில் படியும். மேலே நிற்பதை வடித்துவிட்டு வண்டலை மட்டும் சேர்த்தால் ஓஜி அசையாது. 10 லிட்டருக்கு ஒரு லிட்டர் என்றால் பத்தில் ஒரு பங்கு, ருசியே மாறும். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) இல்லாத, காற்றுப்பட்ட பீர் அது.

வளவுக்காரன்:
எல்லா அளவும் ஒரே சமையலறையில், 30 டிகிரியில் எடுத்தவை. எல்லாவற்றிலும் இரண்டரை கூட்டிப் போட்டுப் பார்த்தேன், ஓஜி 1.060, கடைசி அளவு 1.0145. அப்போதும் 6 சதவீதம்தான். வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடுவதால் சூடு அடிபட்டுப் போகிறது போல.

வடிப்பதை அடுத்த முறை பார்க்கலாம். இங்கே இருக்கும்போதே ஒரு வாளி போடலாமா என்று சித்தப்பா மகன் கேட்கிறான்.

பாகுபதம்:
1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது என்று அவனிடம் சொல்லுங்கள். அதற்கு முன்னால் உங்கள் ஆச்சி இருக்கிறார்.