தமிழ்க் கையேடு வாசிக்க இலகுவா என்று எப்படி அளப்பது?

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கக் கமக்காரருக்காக, தண்ணீர் இறைக்கும் மெசினைப் பராமரிப்பது பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அச்சுக்குப் போக முன்னம், வாசிக்க இலகுவா என்று அளந்து பார்க்க வேண்டும். படித்தவர்களிடம் கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்கிறார்கள், அது உதவாது.

ஆங்கிலத்துக்கு ருடோல்ஃப் ஃப்ளெஷ் 1948இல் தந்த சூத்திரம் இருக்கிறது. வசனத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை (யாப்பு அசை அல்ல, உச்சரிப்பில் வரும் syllable) என்று பார்த்து ஒரு மதிப்பெண் தரும், கூடினால் இலகு. தமிழுக்கு அது சரிவராது. ‘ஓடிக்கொண்டிருக்கும்போது’ என்பதில் 8 அசை, ஆனால் யாரும் தடுமாறமாட்டார்கள். ‘மசகு’ (உராய்வைக் குறைக்கப் போடும் கிரீஸ், எண்ணெய்) வெறும் 3 அசை, அதில்தான் ஆள் நின்றுவிடுவார். சொல்லுக்குச் சராசரி 4 அசை வந்தாலே மதிப்பெண் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும்!

அதனால் வில்சன் டெய்லர் 1953இல் சொன்ன முறையை யோசிக்கிறேன். ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் எடுத்துவிட்டு, வாசிப்பவரையே நிரப்பச் சொல்வது (cloze என்பார்கள்); எவ்வளவு கூடச் சரியாக நிரப்புகிறார்களோ, அவ்வளவு இலகு. அசைக் கணக்கு வேண்டாம். ஆனால் அச்சொட்டாக அதே சொல் வந்தால்தான் சரி என்பது வழக்கமான விதி. ‘வால்வை’ என்ற இடத்தில் ‘வால்வு’ என்று எழுதினால் புள்ளி கொடுப்பதா, இல்லையா?

தமிழில் இதைச் செய்து பார்த்தவர்கள், குறிப்பாக ஆசிரியர்கள், புள்ளியிட்ட விதத்தைச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் வயதானவர்களிடம் வாய்மொழியாகக் கேட்டால் முடிவு மாறுமா? அப்புறம், வாசித்துப் பார்க்க ஆட்களும் தேவை. காலபோக விதைப்புத் தொடங்கினால் ஒருவரையும் பிடிக்க முடியாது, புரட்டாதிக்குள் முடித்தால் நல்லது.