புதுப்பிப்பு: பகாவ் தோட்டத்து மழை நோட்டும் வறட்சிக் குறியீடும்

மலேசியாவின் பகாவ் பக்கத்துத் தோட்டமொன்றின் பழைய மழை நோட்டுகளை வைத்து வறட்சியை அளக்க முடியுமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். எஸ்பிஐ (SPI) என்ற தரப்படுத்திய மழைக் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். போட்டுவிட்டேன்.

1993இல் மெக்கீயும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய இந்தக் குறியீட்டுக்கு மழையளவு மட்டும் போதும். ஆனால் 30 ஆண்டுக் கணக்காவது இருந்தால்தான் நம்பலாம். ஒரு மாதத்து மழையை அதே மாதத்தின் நீண்டகால வழக்கத்தோடு ஒப்பிடுவதால், வழக்கமாகவே காய்கிற பிப்ரவரியை அது வறட்சி என்று சொல்லிவிடாது. குறியீடு மைனஸ் 1க்கு இறங்கினால் மிதமான வறட்சி, மைனஸ் 2 என்றால் மிகக் கடுமை.

அதிக நேரம் பிடித்தது நோட்டுதான். பழைய கிராணியார் (தோட்டத்து எழுத்தர்) மழையில்லாத நாளில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டிருக்கிறார். அளக்காத நாளை வெறுமனே விட்டிருக்கிறார். அந்த வெற்றிடத்தைப் பூஜ்யம் என்று ஏற்றினால் இல்லாத வறட்சி முளைத்துவிடும். அவருடைய ஒழுங்குக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) ஒரு மாதத்து மழையை விட, 6 அல்லது 12 மாத மழையைச் சேர்த்துப் போடும் கணக்குதான் உதவும் என்பது என் எண்ணம். தண்ணீருக்கு ஏங்கிய மரம் குலை தராத ஆண் பூவை அதிகம் விடும். குலை குறைவது ஏறக்குறைய 2 ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

அப்புறம், வெயிலைப் பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: எஸ்பிஐ வெப்பத்தைப் பார்க்காது. 2010இல் வந்த எஸ்பிஇஐ (SPEI) என்ற இன்னொரு குறியீடு, மழையிலிருந்து ஆவியாகக்கூடிய நீரையும் கழித்துப் பார்க்கிறது. அதற்கு வெப்பநிலைக் கணக்கு வேண்டும், தோட்டத்தில் இல்லை. பக்கத்து வானிலை நிலையத்தின் எண்களைக் கேட்டு எழுதியிருக்கிறேன். வந்ததும் இங்கேயே போடுகிறேன்.