மூடி வைத்த லேப்டாப்பில் இரவோடு இரவாக சார்ஜ் இறங்குகிறது: டெபியன் 12, உதவி தேவை

தேன்சிட்டு:
வணக்கம். விண்டோஸுக்கென்றே தயாரான லேப்டாப் ஒன்றில் இரண்டு மாதமாக டெபியன் 12 லினக்ஸ் ஓட்டுகிறேன். இன்டெல் 12ஆம் தலைமுறை சிப், என்விஎம்இ எஸ்எஸ்டி, 56 வாட்-மணி பேட்டரி, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 6.1. இன்னொரு பார்டிஷனில் விண்டோஸும் இருக்கிறது, சில வேலைகளுக்கு அது வேண்டும்.

வைஃபை, டச்பேட், ஒலி எல்லாம் முதல் நாளே வேலை செய்தன. தூக்கம் மட்டும்தான் பிரச்சினை. இரவு 11 மணிக்கு 86 சதவீதத்தில் மூடி வைத்தேன், காலை 7 மணிக்குத் திறந்தால் 31. அடிப்பக்கம் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. டிஎல்பி என்ற மின்சேமிப்பு நிரலை நிறுவிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கருந்திரை:
எனக்கும் இப்படி இருந்தது. கர்னல் அளவுருக்களில் மெம்-ஸ்லீப்-டிஃபால்ட் என்பதை டீப் என்று வைத்து, பூட் நிரலான கிரப்பைப் புதுப்பித்து, ரீபூட் செய்யுங்கள். எனக்கு அதோடு தீர்ந்தது.

தேன்சிட்டு:
செய்துவிட்டேன். இன்று காலையும் அதே கதைதான், 83இல் மூடியது 29இல் நிற்கிறது.

மின்மினி:
எந்த மாற்றமும் செய்வதற்கு முன் ஒரு கோப்பைப் பார்த்துவிடுங்கள். சிஸ் டைரக்டரிக்குள் பவர், அதற்குள் மெம்-ஸ்லீப். அதில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன, எதைச் சுற்றி சதுர அடைப்புக்குறி இருக்கிறது என்று அப்படியே எழுதுங்கள்.

தேன்சிட்டு:
ஒரே சொல்தான். எஸ்2ஐடில். அதைச் சுற்றித்தான் அடைப்புக்குறி.

மின்மினி:
அப்படியானால் கருந்திரை சொன்ன வழி உங்கள் கணினிக்குப் பொருந்தாது. அவருடைய கணினியில் டீப் என்ற சொல்லும் அந்தக் கோப்பில் இருந்திருக்கும். டீப் என்பது எஸ்3 என்ற பழைய தூக்கம்: ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். அதைத் தருவதா இல்லையா என்பது ஃபர்ம்வேர் (கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள், அதாவது பயாஸ்) கையில் இருக்கிறது. தராவிட்டால் கர்னலுக்கு அளவுரு கொடுத்தும் பயனில்லை. சில லேப்டாப்களில் தூக்க வகையை மாற்ற பயாஸில் ஒரு தேர்வு இருக்கும், ஒரு முறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலான புது லேப்டாப்களில் அது கிடையாது. விண்டோஸின் புதிய தூக்க முறையான மாடர்ன் ஸ்டாண்ட்பையை நம்பியே வடிவமைத்திருப்பார்கள்.

எஸ்2ஐடில் வேறு மாதிரி வேலை செய்கிறது. இதில் கணினி உண்மையில் அணைவதே இல்லை. கர்னல் எல்லா நிரல்களையும் உறைய வைத்து, சாதனங்களைத் தூங்கச் சொல்லிவிட்டு, சிப்பைச் சும்மா இருக்க விடுகிறது, அவ்வளவுதான். ஆழ்ந்த நிலைக்கு, அதாவது எஸ்0ஐஎக்ஸுக்கு, சிப் தானாகத்தான் இறங்க வேண்டும். வீட்டில் எல்லாரும் படுத்த பிறகுதானே கூடத்து விளக்கை அணைக்க முடியும்? ஒரே ஒரு சாதனம் விழித்திருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். உங்கள் கணக்கைப் பாருங்கள்: 56 வாட்-மணியில் 55 சதவீதம், 8 மணி நேரம். சராசரியாகக் கிட்டத்தட்ட 4 வாட். இது தூங்கும் கணினி எடுக்கும் மின்சாரம் இல்லை. டிஎல்பியும் விழித்திருக்கும்போது சேமிக்கத்தான், இதற்கு அது போதாது.

இனி யார் விழித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்போம். ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) இருந்து, கர்னலின் டீபக் டைரக்டரியில் பிஎம்சி-கோர் என்பதற்குள் சிப் ஆழ்ந்து தூங்கிய நேரத்தைக் காட்டும் எஸ்எல்பி-எஸ்0 ரெசிடென்சி என்ற கோப்பைப் படியுங்கள். பத்து நிமிடம் தூங்க வைத்து எழுப்பி, மறுபடி படியுங்கள். கூடவே, சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் எஸ்எஸ்டி வரும் வரியின் தொடக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

தேன்சிட்டு:
முன்பும் 0, பின்பும் 0. எஸ்எஸ்டி வரி 10000 என்று தொடங்குகிறது. மற்ற பெரும்பாலான சாதனங்களின் வரிகளில் அது இல்லை.

மின்மினி:
0 என்றால் அந்தப் பத்து நிமிடத்தில் சிப் ஒரு நொடிகூட ஆழ்ந்து தூங்கவில்லை. அந்த 10000தான் துப்பு. உங்கள் எஸ்எஸ்டி விஎம்டி என்ற இன்டெலின் சேமிப்பக அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. பயாஸில் இது விஎம்டி என்றோ ரெய்டு என்றோ தெரியும். விண்டோஸில் இதற்கென்று தனி டிரைவர் இருக்கிறது, அது மின்சேமிப்பையும் பார்த்துக்கொள்கிறது. லினக்ஸில், குறிப்பாகப் பழைய கர்னல்களில், இந்த அடுக்குக்குப் பின்னால் இருக்கும் எஸ்எஸ்டியின் பிசிஐ இணைப்புக்கு ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு இயங்காமலே போய்விடுவது உண்டு. இணைப்பு விழித்திருந்தால் சிப்பும் விழித்திருக்கும்.

இரண்டு வழி இருக்கிறது. டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கர்னல் போட்டுப் பார்க்கலாம், அவற்றில் விஎம்டி டிரைவரே இதைச் சரிசெய்யப் பார்க்கிறது. அல்லது பயாஸில் விஎம்டியை அணைக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஒரே எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்புக்கு அந்த அடுக்கே தேவையில்லை.

ஆனால் தயவுசெய்து நேராகப் போய் அணைத்துவிடாதீர்கள். டெபியன் கவலையில்லாமல் எழும், பார்டிஷன்களை யுயுஐடி என்ற அடையாள எண்ணை வைத்துத்தான் தேடுகிறது. விண்டோஸ் அப்படி இல்லை, நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள், பயாஸ் மாறினால் அது கேட்கப்படலாம். அப்புறம் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, அடுத்த பூட் சேஃப் மோடில் என்று குறித்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். அந்த ரீஸ்டார்ட்டின்போதே பயாஸுக்குள் போய் விஎம்டியை அணையுங்கள். சேஃப் மோடில் எழும்போது விண்டோஸ் சரியான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தக் குறியை நீக்கிவிடலாம்.

கருந்திரை:
என் கணினியில் இரண்டு சொற்களும் இருந்தன, இப்போதுதான் பார்த்தேன். தேன்சிட்டு, அந்த அளவுருவை எடுத்துவிடுங்கள். உங்கள் ஒரு இரவை வீணாக்கியதற்கு மன்னிக்கவும்.

தேன்சிட்டு:
பரவாயில்லை கருந்திரை, நீங்கள்தானே முதலில் பதில் சொன்னீர்கள்.

மின்மினி சொன்ன வரிசையிலேயே செய்தேன். பிட்லாக்கர் சாவியைக் கேட்கத்தான் செய்தது. எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். இப்போது எல்எஸ்பிசிஐயில் அந்த 10000 இல்லை. பத்து நிமிடம் தூங்க வைத்து அதே கோப்பைப் படித்தேன், 58 கோடியைத் தாண்டிய ஒரு எண். அது சரியா?

மின்மினி:
சரிதான். அது மைக்ரோவினாடியில் வரும் கணக்கு. பத்து நிமிடம் என்றால் 60 கோடி. அந்த நேரம் கிட்டத்தட்ட முழுவதுமே தூங்கியிருக்கிறது. இரவு வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தேன்சிட்டு:
86இல் மூடினேன், 8 மணி நேரம் கழித்து 80. அடிப்பக்கம் குளிர்ந்து கிடந்தது. ரொம்ப நன்றி. இரண்டு மூன்று நாள் திறக்காமல் வைக்க வேண்டியிருந்தால்?

மின்மினி:
அதற்கு, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் சஸ்பெண்ட்-தென்-ஹைபர்நேட் இருக்கிறது. சில மணி நேரம் தூங்கிவிட்டு, ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதி முழுவதும் அணைந்துவிடும். அதை எழுத டிஸ்க்கில் ஸ்வாப் இடம் போதிய அளவு வேண்டும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்ய விடும் செக்யூர் பூட் இயங்கினால் டெபியனில் கர்னல் பூட்டப்பட்டு ஹைபர்நேட் மறுக்கப்படும், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்யாவிட்டால் புது இழை தொடங்குங்கள், வருகிறேன்.