கத்திரியில் வீடு மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

துளசித்தொட்டி:
போன வருடம் காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்கு. பையனுக்குப் பள்ளிக்கூடம் மாற்றியதால் மே மாதத்தை விட்டால் வேறு வழியில்லை. 'இன்னைக்கு யார்மேலயும் எரிஞ்சு விழக்கூடாது' என்று விடியற்காலையில் புது வீட்டில் பால் காய்ச்சும்போதே முடிவு செய்திருந்தேன். பத்தரை மணி வரை தாங்கியது.

பழைய வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் பீரோ சுவரில் உரசிக் கண்ணாடியில் கீறல். கீழ்ப்பக்கம் பிடித்திருந்தவரைப் பார்த்து, "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று கத்திவிட்டேன். அறுபது வயது இருக்கும். "பின்னாடியேதாம்மா எறங்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

பாலாற்றுப் பாலத்தில் குட்டியானை ஊர்கிறது, பின்னாலேயே நான் ஸ்கூட்டியில். காய்ந்த மணலிலிருந்து அனல். சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் தலைத்துண்டை அவிழ்த்து பாட்டில் தண்ணீரில் நனைத்தார். திரும்பத் தலையில்தான் கட்டுவார் என்று பார்த்தால், என் துளசித் தொட்டிமேல் போர்த்தினார்.

பதினோரு வீடு:
பத்தரை மணிக்கு பீரோ இறக்கினால் வாயில் நல்ல வார்த்தை எப்படி வரும்? தப்பு வாயில் இல்லை, நேரத்தில். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஆறு மணிக்குள் வண்டி ஏறிவிட வேண்டும். ஃபிரிட்ஜை முந்தின நாளே காலி செய்து அணைத்துவிடுங்கள். நிற்கவைத்தே கொண்டுபோங்கள்; படுக்கவைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். இறக்கியதும் சில மணி நேரம் விட்டுத்தான் போட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து கலக்கி பெரிய கேனில் வையுங்கள். தூக்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். யாராவது சம்பந்தமில்லாமல் உளறினாலோ மயங்கினாலோ நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், உடனே 108. டம்ளர்களைக் கடைசியாகக் கட்டுங்கள். என் அனுபவம் அதுதான்: டம்ளர் எந்தப் பெட்டியில் என்று தெரியாமல் மூன்று பேருக்கும் குக்கரில் மோர் கொடுத்தேன். குக்கரோடு தூக்கிக் குடித்தார்கள்.

மீன்பாடி வண்டி:
பதினோரு வீடு ஐயா, அவர் நேரம் கேட்கவில்லையே! எல்லோருக்கும் ஆறு மணிக்கு ஆள் வருகிறதா என்ன? எங்களுக்கு ஒன்பதுக்கு வந்தார்கள். நாள் 2003 மே 31. சென்னைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. போதாக்குறைக்குச் சனிக்கிழமை. "சனிக்கிழமை குடி போவாங்களா?" என்று மாமியார் இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. வீட்டு ஓனர் அன்றைக்கே காலி செய்யச் சொன்னதற்கு நான் என்ன செய்வேன்?

மீன்பாடி வண்டியில் நான்கு நடை. புது வீட்டுக் கதவைத் திறந்தால் ஒரு அறையிலும் ஃபேன் இல்லை, கொக்கி மட்டும். முன்பு இருந்தவர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் ஃபேனை மாட்ட எலெக்ட்ரீஷியன் சாயங்காலம்தான் வருவாராம். மொசைக் தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி அப்படியே படுத்துவிட்டோம், மாமியாரும்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. பக்கத்திலிருந்து குரல்: "அஞ்சுல வச்சிருக்கியா? கொஞ்சம் கம்மி பண்ணு, குளுருது."

சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இன்றைக்கு அவர் இல்லை. ஃபேன் ரெகுலேட்டரைத் திருகும்போதெல்லாம் அந்தக் குரல்தான்.

பதினோரு வீடு:
கொக்கியை வீடு பார்க்கப் போனபோதே கவனித்திருக்க வேண்டும்.

துளசித்தொட்டி:
ஐயா, விடுங்கள்!

நான் எழுத வந்ததே வேறு. துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கூலியை எண்ணிக் கொடுத்தேன், அவர் வெறுந்தலையோடு வண்டி ஏறியதைப் பார்த்தேன், அப்போதும் உறைக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சாயங்காலம் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் துண்டு கண்ணில் பட்டது, காய்ந்து விறைத்துப்போய். டிரைவருக்கு போன் செய்தேன். "அன்னைக்கு ஸ்டாண்டுல நின்ன ஆளுங்கம்மா, எனக்குப் பேரு தெரியாது" என்றார்.

துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பச்சைக் கரை போட்ட துண்டு.